ஏரிக்கரையில் நான் பார்த்த பிறை

தரையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். நிலா கீழே கிடந்தது.

கம்ப்யூட்டரில்தான். வானத்தைக் காட்டுகிற ஒரு மென்பொருள், இலவசமாகக் கிடைப்பது. எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று சொன்னால் போதும், அந்த நேரத்து வானத்தை அப்படியே விரித்துக் காட்டும். தரை குறுக்கே நிற்கிறதென்றால் ஒரு எழுத்தைத் தட்டி அதையும் மறைத்துவிடலாம். அடியில் இருக்கிற சூரியனும் சந்திரனும் தெரியும்.

நான் தேடியது ஒரு பிறையை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் நின்று என் கண்ணால் பார்த்த பிறை. அதை நம்பி ராசிபுரத்தில் எங்கள் ஜமாஅத் முழுவதும் நோன்பை முடித்துக்கொண்டு பெருநாள் கொண்டாடியது. அந்தப் பிறை இப்போது திரையில், சூரியன் மறைவதற்கு முன்னாலேயே மறைந்து, மண்ணுக்கு அடியில் கிடந்தது.

மவுஸை விட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். அங்கேயேதான் கிடந்தது.

நெய்ச் சந்தையில் நான் ஏமாந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் பாதியோடு நிறுத்தியிருந்தேன். அது கொஞ்சம் காத்திருக்கட்டும். இந்த வாரம் எழுத வேண்டியது நான் ஊரை ஏமாற்றிய கதையை.

கமரு கேட்ட படம்

மூத்த மகள் கமருன்னிஷா கோயமுத்தூரில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அந்த மென்பொருளை ஏற்றிக் கொடுத்ததே அவள்தான். நெய்க் கடையை மகனிடம் விட்டுவிட்டு, வீட்டில் சும்மா உட்கார்ந்து, அவள் அம்மா செய்கிற எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். "அத்தா, அம்மாவை விட்டுட்டு இதை நோண்டிக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாளே மானம் போனது. ஊர்ப் பட்டியலில் சேலம் என்று தேடினேன். வரிசையாக நாலைந்து சேலம் வந்து நின்றது. முதலில் இருந்ததைத் தட்டினேன். வாசலில் மஃரிபுத் தொழுகை முடிந்து இருட்டிக்கொண்டு வருகிறது, திரையில் சூரியன் பளபளவென்று உதித்துக்கொண்டிருக்கிறது. மகளுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"என்ன குப்பையை ஏத்திட்டுப் போயிருக்கே? பகல் எது ராத்திரி எதுன்னுகூட இதுக்குத் தெரியலை!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தட்டியது அமெரிக்காவில் இருக்கிற சேலமாம். நம் சேலத்தை விட்டால் உலகத்தில் இன்னொரு சேலம் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஊரைத் திருத்திய பிறகு அதைச் சோதிக்க ஆரம்பித்தேன். நெய்யைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்காமல் ஒரு டின் வாங்கியவனில்லை நான். வியாழன் எங்கே இருக்கிறது என்று திரையில் பார்ப்பேன், உடனே மொட்டை மாடிக்கு ஓடுவேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சொன்ன இடத்தில் நிற்கும். போன ரமலான் முடிந்தபோது ஊரே பார்த்த பிறையைத் தேடினேன். சாய்வுகூட மாறாமல் வந்தது. ஒரு மாதம் சோதித்ததில் அது ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

இதை நான் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி போனில் அளந்துகொண்டிருந்தபோதுதான் கமரு கேட்டாள்.

"அத்தா, எம் பொறந்தநாள் வருதில்ல? நான் பொறந்ததுக்கு முந்தின நாள் நீங்க பாத்தீங்களே, அந்தப் பொறையை எடுத்துப் படமா அனுப்புங்க. கிளாஸ்ல பிள்ளைங்களுக்குக் காட்டறேன்."

"அதென்ன பிரமாதம், இப்பவே அனுப்பறேன்" என்றேன்.

மேகம் விலகிய இடம்

நான் சேலத்துக்காரன். எங்கள் அத்தாவுக்கு அங்கே இரும்புச் சாமான் கடை. பெண் எடுத்தது ராசிபுரத்தில், நெய் வியாபாரக் குடும்பத்தில். கல்யாணமான புதிதில் நான் தனியாக ஒரு கடை போட்டேன். அது ஆறே மாதத்தில் படுத்துவிட்டது. மாமனார் கூப்பிட்டார், மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்தேன்.

மாமனார் ஜமாஅத்துக்கு முத்தவல்லி, அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தலைவர். அதிகம் பேச மாட்டார், ஆளைப் பார்த்தே எடை போடுவார். என்னை எடை போட்டு ஓர் ஓரமாக வைத்துவிட்டார் என்று எனக்கு ஒரு நினைப்பு. வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. யாராவது சிரித்தாலே என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும்.

அந்த ரமலானில் என் மனைவி ஜைத்தூனுக்கு நிறைமாதம். இருபத்தொன்பதாவது நோன்பன்று நானும் அவள் அண்ணன் காதர் மச்சானும் சேலத்துக்குப் போய்ப் பெருநாள் துணி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பினோம். பிறை பார்க்க மேற்கு திறந்து கிடக்கிற இடமாக வேண்டும் என்று மச்சான்தான் வண்டியை ஏரிப் பக்கம் திருப்பச் சொன்னார்.

பேரீச்சம்பழமும் பாட்டில் தண்ணீருமாக நோன்பு திறந்தோம். கரையிலேயே துண்டை விரித்துத் தொழுதோம். கோடை மழைக்கு மேகம் கட்டியிருந்தது. மேற்கே ஒரு கை அகலத்துக்கு மட்டும் விலகி, உள்ளே மாம்பழ நிறத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஏரியிலிருந்து சேற்று வாடை வந்தது. கொசு காலைப் பிடுங்கியது.

அந்த விலகலில் ஒரு கீற்று. மெல்லியதாக, வெளுப்பாக. இமை தட்டுகிற நேரம்தான்.

"மச்சான், அதோ!" என்றேன்.

"எங்கீங்க?"

"அந்தப் பனைமரத்துக்கு நேர் மேலே."

காதர் மச்சான் கழுத்தை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமாங்க மச்சான்" என்றார். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

அந்த "ஆமாங்க" வருகிறவரை எனக்கும் முழு நிச்சயம் இல்லை. அது காதில் விழுந்ததும் நிச்சயமாகிவிட்டது. இதை இப்போது எழுதும்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

சாட்சி

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரமலானின் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பையும் வைக்க வேண்டும். வானம் மேகமாக இருந்தால், கண்ணால் கண்டவர்கள் இரண்டு பேர் பள்ளிவாசலில் சாட்சி சொல்ல வேண்டும். இப்போது போல கையில் போன் இல்லாத காலம். வெளியூர்த் தகவல் வந்தால் உண்டு. ஊரே சாட்சி சொல்கிறவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ராசிபுரம் வருகிறவரை வழியெல்லாம் அதையேதான் பேசிக்கொண்டு வந்தோம். எவ்வளவு உயரத்தில் இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று நான் சொல்லச் சொல்ல, பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் "ம்" கொட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னோம் என்று ஊர் வியந்தது.

"அல்லாஹ்வை முன்வெச்சுச் சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார் ஹஜ்ரத்.

"சொல்றேனுங்க."

அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. வெளியே பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளில் கையை வைத்தார். அந்த வீட்டுக்குப் போன பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பெருநாள் தொழுகை நடந்துகொண்டிருந்தபோதே ஜைத்தூனுக்குப் பெண் பிறந்துவிட்டது. மாமனார் புதுச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். "மாப்பிள்ளை ஒரு பொறையைப் பாத்தாரு. அல்லாஹ் இன்னொரு பொறையைக் கையில கொடுத்துட்டான்" என்று நர்ஸ் முதற்கொண்டு எல்லோரிடமும் சொன்னார். கமர் என்றால் சந்திரன். அவர்தான் பெயர் வைத்தார். ஊர் எனக்கும் ஒரு பெயர் வைத்தது: பிறை மாப்பிள்ளை.

சேலத்தில் அன்றைக்கு நோன்பு. எங்கள் அத்தா நோன்போடு பஸ் ஏறிப் பேத்தியைப் பார்க்க வந்தார். நான் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏண்டா, உங்க ஊருக்கு மட்டும் தனி நிலாவா?" என்றார்.

அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் பிறை எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாம் நாள் பிறை என்றால் கொஞ்சமாவது தடித்திருக்க வேண்டும். அது நூல் மாதிரி இருந்தது. நானும் பார்த்தேன், பார்த்துவிட்டு யாரோடும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை எத்தனை கல்யாணத்தில், எத்தனை பந்தியில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இமை தட்டுகிற நேரம் என்பது, "நல்லா நின்னு நிதானமா பாத்தோம்" என்று ஆகிவிட்டது. வருஷம் ஏற ஏற நான் பார்த்த பிறை பெரிதாகிக்கொண்டே போனது.

மண்ணுக்கு அடியில்

ஆக, கமரு கேட்டதும் அவளுடைய பிறந்த தேதிக்கு முந்தின நாளைப் போட்டேன். மேற்கே திருப்பினேன். சூரியன் இறங்கியது. காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நிமிஷத்தைக் கூட்டினேன், குறைத்தேன். வானம் காலியாக இருந்தது.

பழையபடி அமெரிக்காவுக்குப் போய்விட்டோமோ என்று ஒரு நப்பாசை. பார்த்தேன், தமிழ்நாடுதான். வரைபடத்தில் பனமரத்துப்பட்டியையே தேடி வைத்தேன். அதுவும் உதவவில்லை. அப்புறம்தான் தரையை எடுத்தேன்.

பிறை என்று மயங்கிவிடுகிற மாதிரி வேறு கிரகம் ஏதாவது அங்கே இருந்ததா என்று அந்தப் பக்கம் முழுவதும் துழாவினேன். ஒன்றுமில்லை. அப்படியானால் நான் பார்த்தது என்ன? விமானம் விட்டுப்போன புகைக் கோடா? மேகத்தின் விளிம்பா? அல்லது மாமனாருக்கு முன்னால் ஒரு தடவையாவது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதா?

அல்லாஹ்வை முன்வைத்தல்லவா சொன்னேன்! என் பேச்சை நம்பி அத்தனை வீட்டிலும் ஒரு நோன்பு போய்விட்டது. அந்த வருஷத்தோடு கண்ணை மூடிய பெரியவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். கம்ப்யூட்டர் என்ன தப்புச் செய்தது?

"ஏனுங்க, மொகமெல்லாம் இப்படி வேர்த்துக் கெடக்குது?" என்று கேட்டாள் ஜைத்தூன்.

"ஒண்ணுமில்லை."

கமரு இரண்டு நாள் போன் செய்தாள். எடுக்கவில்லை.

மல்லசமுத்திரத்தில்

மூன்றாம் நாள் மல்லசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன். காதர் மச்சான் பல வருஷமாக அங்கே மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். எழுபதை நெருங்கிவிட்டார். நான் போனபோது பருத்திக்கொட்டை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னார். நான் உட்காரக்கூட இல்லை.

"மச்சான், அன்னிக்கு ஏரிக்கரையில நீங்க பொறையைப் பாத்தீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருசம் கழிச்சு அது என்னத்துக்குங்க?"

"பாத்தீங்களா, இல்லையா?"

"இல்லீங்க."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பறம் ஏன் ஆமான்னீங்க?"

"நீங்க பாத்துட்டேன்னீங்க. எங்க ஊட்டு மாப்பிள்ளை பொய்யா சொல்லுவாரு? எங்கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். பெருநா முடிஞ்ச மறுவாரம் சேலத்துல கண்ணு டாக்டர்கிட்டப் போயிக் காட்டினேனுங்க. சுவத்துல இருந்த எழுத்தையெல்லாம் படிக்கச் சொன்னாரு. கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கண்ணுக்கு ஒரு கொறையுமில்லை, நீ எதுக்கு வந்தேன்னு கேட்டாரு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

"அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மச்சான்."

"கமரு பொறந்து பத்து நாளுங்க. எந்தங்கச்சி பச்சை ஒடம்புக்காரி. நீங்க அப்பத்தான் ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க ஆரம்பிச்சிருந்தீங்க. எந்த வாயில சொல்றதுங்க?"

கம்ப்யூட்டரில் பார்த்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"வேண்டாங்க மச்சான், உட்ருங்க."

"ஊருக்கு ஒரு நோன்பு போயிருக்குது. எப்படி விடறது?"

"சொன்னாக் கேளுங்க. அதெல்லாம் ஆறிப் போன சமாச்சாரம்."

"என்ன, பயமா இருக்குதா?" என்று கேட்டேன். எனக்கு வாய் எப்போதும் அப்படித்தான்.

"பயமெல்லாம் இல்லீங்க" என்று மூட்டையைத் திரும்பக் கட்டினார். "நீங்க சொல்லித்தான் ஆவோணும்னா நானும் வாரேன். பொய்யைச் சொல்ல ரெண்டு பேரு போனோம். உம்மையைச் சொல்ல உங்களைத் தனியா உடறதுங்களா?"

வெள்ளிக்கிழமை

இப்போதைய ஹஜ்ரத் சின்ன வயசு. தொழுகைக்கு முன்னாலேயே விஷயத்தைச் சொன்னேன். "நம்பி வெச்ச நோன்பும் நம்பிக் கொண்டாடின பெருநாளும் கூடிருச்சுங்க, அது செல்லும். ஊரைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றார். எனக்குத்தான் அடங்கவில்லை. தொழுகை முடிந்ததும் மைக்கைக் கொடுத்தார்.

எதிரே தலை தலையாகத் தெரிந்தது. அந்தப் பெருநாளைக் கொண்டாடியவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். காதர் மச்சான் என் பக்கத்தில் நின்றார். நான் பார்த்தது பிறை அல்ல, அன்று வானத்தில் பிறையே இல்லை, மச்சான் என்னை நம்பித்தான் சாட்சி சொன்னார், குற்றம் முழுவதும் என்னுடையது என்று சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன்.

யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கத்தவில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டு நூல் வியாபாரம் செய்த ஷரீப் பாய், எண்பதைத் தாண்டியவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. அது எங்களுக்குத் தெரியுமுங்க."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன்.

"உங்க மாமனாரு அப்பவே ஊடு ஊடா வந்தாரு. மறுநாப் பொறையைப் பாத்ததுல எங்களுக்கும் சந்தேகந்தான். எம்பையன் காதர் வந்து உள்ளதைச் சொல்லிட்டான், பேணுதலுக்கு ஆளுக்கு ஒரு நோன்பு கழா வெச்சுருங்கன்னு சொன்னாரு. மாப்பிள்ளை காதுக்கு மட்டும் போவக் கூடாதுன்னு ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. எங்க ஊட்டுல எல்லாருமே வெச்சுட்டோம். முடிஞ்சு போச்சுங்க."

பேணுதல் என்றால் முன்ஜாக்கிரதை; கழா என்றால் விட்டுப்போன நோன்பைப் பிறகு வைத்துத் தீர்ப்பது. சுற்றிலும் நாலைந்து பெரியவர்கள் "ஆமாங்க, நாங்களும் வெச்சோம்" என்று தலையாட்டினார்கள். நான் காதர் மச்சானைப் பார்த்தேன். அவர் கீழே விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் வேண்டாம் வேண்டாம் என்றார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

ஒவ்வொரு ரமலானிலும் இருபத்தொன்பதாம் நாள் என்னைப் பள்ளிவாசல் மாடிக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். நாற்காலி போடுவார்கள், "பிறை மாப்பிள்ளை வந்தாச்சு" என்பார்கள். ஆனால் முடிவை மட்டும் வெளியூரிலிருந்து தகவல் வந்த பிறகுதான் அறிவிப்பார்கள். என் பேச்சுக்காக இந்த ஊர் இரண்டாவது தடவை பெருநாள் கொண்டாடியதே இல்லை. ஒரு வருஷம்கூட நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ஊரே சேர்ந்து என்னைப் பச்சைக் குழந்தையாக நடத்தியிருக்கிறதே என்று. மாமனார் கபருக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது, அவரோடு சண்டை போடவும் வழியில்லை. வாசலுக்கு வந்து செருப்பைத் தேடும்போது அழுகை வந்துவிட்டது. என்னை ஓரமாக வைத்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், முத்தவல்லி, எனக்காக ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றிருக்கிறார்.

வீட்டில் ஜைத்தூன் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். என்ன, ஏது என்று அவள் கேட்கவில்லை. காதர் மச்சான் போன் போட்டுச் சொல்லியிருப்பார்.

"தெரியுங்க. அத்தா எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. கமரு பால்குடி மறந்ததும் உட்டுப்போன நோன்பையெல்லாம் வெச்சேன். அதுல இதையும் சேத்து வெச்சுட்டேன்."

"இத்தனை வருஷம் எப்படி வாயைக் கட்டிக்கிட்டிருந்தே?"

"நீங்க அந்தக் கதையை எடுத்தாலே நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேன். ஒரு தடவைகூடக் கவனிச்சதில்லையா நீங்க?"

இல்லை. கவனித்ததே இல்லை.

அன்று சாயங்காலம் கமருவுக்கு அந்த வானத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். தரையோடு ஒன்று, தரை இல்லாமல் ஒன்று. நடந்ததையெல்லாம் கீழே எழுதினேன். பிறகு, "அப்ப நான் பொறந்தது நோன்புலயா அத்தா?" என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்று எழுதினேன்.

ஊரெல்லாம் அப்போதே வைத்து முடித்த அந்தக் கழா நோன்பைத் திங்கட்கிழமை நான் வைத்தேன். விடிவதற்கு முன்னால் ஜைத்தூன் எழுந்து சோறு போட்டாள். வெயில் கடுமையாக இருந்தது. கம்ப்யூட்டர் பக்கம் போகவே இல்லை. சாயங்காலம் பாங்குச் சத்தம் கேட்டதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். எங்கள் ஊருக்கு அந்த ரமலான் அன்றைக்குத்தான் முடிந்தது.